ஓவன் கதவுப் பூட்டு: மோட்டார் நன்றாக இருந்தது, சுவிட்ச்தான் போயிருந்தது

எங்கள் வீட்டு மின்சார அடுப்பு, கீழே ஓவனோடு சேர்ந்தது; 240 வோல்ட். போன மாதம் அதைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் முறையில் ஓடவிட்டேன். ஆறிய பிறகும் கதவு திறக்கவில்லை. பூட்டு மோட்டார் நிற்காமல் கிர்ரென்று சுற்றியது, அப்புறம் திரையில் பிழைக் குறி.

மோட்டார் போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதுதான் சுற்றுகிறதே! எங்கே நிற்பது என்றுதான் தெரியவில்லை. மோட்டார் சுற்றும் கேம் சக்கரத்தின் மேடு ஒரு குட்டி மைக்ரோ சுவிட்சை அழுத்தும். கதவு பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது ஓவனை இயக்கும் மின்னணு போர்டுக்கு அதை வைத்துத்தான் தெரியும்.

பிரேக்கரை அணைத்துவிட்டுப் பின்தகட்டைக் கழற்றினேன். சுவிட்சின் இரண்டு வயர்களையும் உருவிவிட்டு, மல்டிமீட்டர் முனைகளை வைத்து லீவரை விரலால் அழுத்தினேன். 'டிக்' சத்தம் ஒவ்வொரு தடவையும் கேட்டது. மீட்டரோ, உள்ளே இணைப்பு சேர்ந்தால் அடிக்கும் பீப்பை 10 தடவையில் 2 தடவைதான் அடித்தது. சத்தத்தை மட்டும் நம்பியிருந்தால் ஏமாந்திருப்பேன். சுத்தம் செய்யும்போது ஓவனுக்குள் சூடு 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாவம், பக்கத்தில் இருக்கும் சுவிட்ச் எத்தனை நாள் தாங்கும்?

சுவிட்சை மட்டும் மாற்றினேன். போர்டு வாங்குவதற்கு முன் தயவுசெய்து இதைச் சோதித்துப் பாருங்கள், விலை வித்தியாசம் அதிகம். பிரேக்கரைப் போட்டதும் மோட்டார் கொஞ்சம் சுற்றி நின்றது. கதவு திறந்தது.