இன்ஜின் வேலையில் தகராறு வந்தால்: திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டில் இருப்பது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் கொண்ட பழைய அம்பாசிடர். காரைக்குடியில் ஒரு பட்டறையில் ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி), 20 சைஸ் பிஸ்டனும் (அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு பெரியது) புது வால்வு கைடுகளும் (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்கள்) போட்டதாகப் பில் வாங்கி, முழுத் தொகையையும் கொடுத்து வண்டியை எடுத்து வந்தோம். 400 கிலோமீட்டர் ஓடுவதற்குள் நீலப் புகை தள்ளத் தொடங்கியது. கோபத்தில் நான் நேராகத் தேவகோட்டைக்குக் கொண்டுபோய் வேறொரு மெக்கானிக்கை ஹெட்டைக் (சிலிண்டர்களை மூடும் மேல்பகுதியை) கழற்றச் சொன்னேன். ரீபோர் உண்மையாகவே செய்யப்பட்டிருந்தது. ஆனால் வால்வு கைடுகள் தேய்ந்துபோன பழையவை. அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது முதல் மெக்கானிக் அமைதியாகக் கேட்டார்: “நான் போட்ட கைடை அங்கே மாற்றவில்லை என்று நான் எப்படி அண்ணே நம்புவது?” அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் புகார் அன்றே பாதி இறந்துவிட்டது. இந்த நிலை வேறு யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சிலிண்டரை ஒருமுறை கடைந்து பெரிதாக்கிவிட்டால், ஸ்லீவ் (உள்ளே பொருத்தும் உலோகக் குழல்) போடாமல் அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே யார் எப்போது அளந்தாலும் ரீபோர் நடந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்), பேரிங், வால்வு, கைடு ஆகியவை அப்படியல்ல. அவற்றை ஒரே நாளில் கழற்றி மாற்றிவிடலாம் என்பதால், மூன்றாவது மனிதரின் கை இன்ஜினுக்குள் பட்ட மறுநிமிடமே அவை யார் போட்டவை என்பதை நிரூபிக்க வழியில்லாமல் போகிறது. சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரரையே சாரும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே மூடியிருக்கும் இன்ஜின்தான் உங்கள் முதல் சாட்சி; அதை அவசரப்பட்டுக் கலைத்துவிடாதீர்கள்.

திறக்காமலேயே அறியக்கூடியவை நிறைய உள்ளன. புகையின் நிறத்தையும் அது வரும் நேரத்தையும் முதலில் கவனியுங்கள். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டுகிறது. வண்டி வேகமெடுக்கும்போது வந்தால் ரிங் மீதும், சற்று நேரம் ஐடிலில் நின்றபின் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் வந்து மறைந்தால் வால்வு கைடு மீதும் சந்தேகம் கொள்ளலாம். விடாமல் வரும் வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டை (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகட்டை) நினைக்க வேண்டும். கறுப்புப் புகை பெரும்பாலும் எரிபொருள் மிகுதியால் வருவது. அதற்காக இன்ஜின் வேலையைக் குறை சொல்வது நியாயமாகாது. அடுத்து, சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் வரும் எண்ணை எழுதி வையுங்கள். எண் குறைவாக இருக்கும் சிலிண்டரில் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடியும் அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் கோளாறு ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ இருக்கிறது. பெரிய அளவுப் பிஸ்டன்களின் தலையில் அளவு பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம் என்பதால், கைப்பேசியில் இணைக்கும் மெல்லிய கேமராக் குழாயைப் பிளக் துளைக்குள் விட்டு, கரி படியாதிருந்தால் அந்த எண்ணைப் படம் எடுத்துவிடலாம்.

ஆயில் குறைவதைக் கணக்கு வைப்பது இவை எல்லாவற்றிலும் எளியது, வலுவானது. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு, 100 கிலோமீட்டருக்கு ஒருமுறை டிப் ஸ்டிக்கையும் (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி) ஓடிய தூரம் காட்டும் மீட்டரையும் படமெடுத்து, ஊற்றிய ஆயிலின் அளவோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தாலோ உள்ளிருந்து தட்டும் ஒலி கேட்டாலோ மட்டும் உடனே வண்டியை நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு ஓட்டினால் சேதத்துக்கு நீங்களும் பொறுப்பாவீர்கள்.

மெக்கானிக்கின் பக்கத்தையும் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். புதிதாக வேலை பார்த்த இன்ஜினைத் தொடக்கத்தில் முழுச் சுமையோடு விரட்டினீர்களா, அவர் சொன்ன தூரத்தில் முதல் ஆயிலை மாற்றினீர்களா, ரேடியேட்டர் அடைத்திருந்து ஹீட் ஏறியதா என்பவை அவர் நிச்சயம் கேட்கும் கேள்விகள். ஆனால் “அது லேத்துக்காரர் செய்த தவறு” என்று அவர் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. பிளாக்கை (சிலிண்டர்கள் உள்ள இன்ஜின் உடலை) கடைவதற்காக லேத்துக்கு அனுப்பியவர் அவர்; நீங்கள் வேலையை ஒப்படைத்ததும் பணம் கொடுத்ததும் அவரிடமே.

குறைகளைக் கண்டவுடன் தேதியிட்டு எழுத்தில் தெரிவியுங்கள். சொந்தத்துக்குள் நடக்கும் திருமணத்துக்கே இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் நகரத்தார் (செட்டிநாட்டு வணிகச் சமூகத்தார்) ஊர்களில், ஆயிரக்கணக்கில் பணம் புழங்கும் இன்ஜின் வேலையை வாய்ப்பேச்சில் விட்டுவிடுவது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது. வேலை என்ன, கொடுத்த தொகை எவ்வளவு, என்ன குறை, எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு ஒப்புகை கிடைக்கும்படி அஞ்சலிலும் அனுப்ப வேண்டும். அவர் வந்து பார்க்க ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அது மரியாதை மட்டுமல்ல, பின்னால் உங்களுக்குப் பாதுகாப்பும் ஆகும்.

வண்டி இன்னும் பட்டறையிலேயே இருந்து, கூலியைப் பற்றித் தகராறு மூண்டிருந்தால் நிலைமை வேறு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவுப்படி, உழைப்பையும் திறமையையும் செலுத்திப் பொருளில் வேலை செய்தவர், எதிரான உடன்பாடு இல்லாதவரை, உரிய கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். ஆள் கூட்டிப் போய் வண்டியைத் தள்ளிவருவது உங்கள் மீதே புகாராகத் திரும்பும். வண்டி கட்டாயம் தேவையென்றால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்து, பில்லில் ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக வரும்படி கேட்டு, பணம் கட்டி எடுத்துவிட்டுப் பிறகு வழக்காடுவதே நல்லது. பழைய பாகங்களையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பேச்சு முறிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம். அதுவும் பலிக்காவிட்டால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என இரு மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. பட்டறை எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது இச்சட்டம் தந்த வசதி. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வாடகைக்கு ஓடும் வண்டியாயினும், அது நீங்களே தொழில் செய்து பிழைப்பதற்கானது என்றால் நீங்கள் நுகர்வோரே; அதைப் புகாரில் வெளிப்படையாக எழுதுங்கள்.

இன்ஜினைத் திறந்துதான் ஆக வேண்டும் என்ற கட்டத்தில், நாளும் இடமும் குறிப்பிட்டு முதல் மெக்கானிக்குக் கடிதம் அனுப்புங்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சேத மதிப்பீடு செய்யும் உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவர் உடனிருப்பது நல்லது. ஹெட்டின் முதல் போல்ட்டைத் தளர்த்துவது முதல் இடைவெட்டில்லாமல் வீடியோ எடுத்து, அளவுகளை அங்கேயே தாளில் குறித்து, வந்திருப்பவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். மெக்கானிக் வரவில்லையென்றால் வரவில்லை என்பதையும் எழுதுங்கள். கழற்றிய கைடு, ரிங், பேரிங் எல்லாவற்றையும் எந்த சிலிண்டருக்கு உரியது என்று சீட்டு ஒட்டி, தீர்ப்பு வந்து மேல்முறையீட்டுக்கான 45 நாள் கழியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.