வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல்பகுதி மட்டும் சில்லென்று இருக்கிறதா?

ரேடியேட்டரின் கீழ்ப்பகுதி சூடாகவும் மேல்பகுதி சில்லென்றும் இருந்தால், உள்ளே காற்று அடைத்திருக்கிறது. (கீழே மட்டும் குளிர்ந்திருந்தால் அது வண்டல், இந்த வழி உதவாது.)

முதலில் ஹீட்டிங்கை அணைத்து, நன்றாக ஆற விடுங்கள். இதில் அவசரம் வேண்டவே வேண்டாம், கொதிநீர் கையில் பீய்ச்சும். அப்புறம் மேல் ஓரத்தில் இருக்கும் சின்ன வால்வின் கீழ் துணியும் கிண்ணமும் பிடித்து, ரேடியேட்டர் சாவியை இடப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். திருகை முழுதாகக் கழற்றிவிடாதீர்கள். 'உஸ்' என்று காற்று வெளியேறும். தண்ணீர் சீராக வந்ததும் மூடிவிடுங்கள். மாடி வீடென்றால் கீழ்த்தளத்திலிருந்து தொடங்குங்கள்.

பலரும் மறப்பது பாய்லரின் அழுத்தமானி. காற்று போனதும் அழுத்தம் குறையும். ஆறிய நிலையில் பொதுவாக 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் தண்ணீர் நிரப்பிவிட்டு ஹீட்டிங்கைப் போடுங்கள்.