மொரிஷியஸ் நேரம் இரவு ஏழு மணி: கில்ட் வார்ஸ் 2-இல் ஒரு தமிழ்க் கில்டு தொடங்கி நடத்துவது எப்படி

ஆன்லைன் விளையாட்டில் கில்டு, அதாவது சேர்ந்து ஆடுபவர்களின் குழு, தொடங்க ஐந்து நிமிடம் போதும். மூன்று மாதம் கழித்தும் அதில் ஆள் இருக்க வேண்டுமானால் வேறு சில வேலைகள் தேவை. நூறு பேர் பெயர்ப் பட்டியலில் இருப்பார்கள், சனிக்கிழமை இரவு உள்ளே போய்ப் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். பெரும்பாலான கில்டுகள் இப்படித்தான் முடிகின்றன. காரணம் ஒன்றுதான்: எப்போது வருவது, வந்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. வாரம் ஒரு நாள், மாறாத நேரம், எல்லாரும் சேர்ந்து செய்ய ஒரு சின்ன வேலை. இந்த மூன்றும் இருந்தால் ஐந்து பேரே ஒரு நல்ல கில்டுக்குப் போதும்.

இந்த விளக்கம் மொரிஷியஸில் இருந்து விளையாடும் தமிழர்களுக்காக. ரீயூனியனில் இருப்பவர்களுக்கும் கடிகாரம் ஒன்றுதான், அப்படியே பின்பற்றலாம்.

ஏன் இந்த விளையாட்டு

கில்ட் வார்ஸ் 2 வெளிவந்தது 2012 ஆகஸ்டில். 2015 முதல் அடிப்படை விளையாட்டு இலவசம். மாதச் சந்தா கிடையாது. ஆகவே ஒரு மாதம் வேலைப்பளு என்று ஒதுங்கியவர் அடுத்த மாதம் பணம் கட்டாமலே திரும்பி வரலாம். இன்னொரு நன்மை இதைவிடப் பெரியது. 80-ஆம் நிலையில் இருப்பவர் தொடக்கநிலை வரைபடத்துக்குள் (விளையாட்டு உலகின் ஒரு பகுதியை இப்படிச் சொல்வார்கள்) வந்தால், அவருடைய பலத்தை விளையாட்டே அந்த இடத்துக்கு ஏற்பக் குறைத்துவிடும். அதனால் பத்து வருடம் ஆடியவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே எதிரியை ஒன்றாக அடிக்கலாம். பரிசுப் பொருளும் அவரவருக்குத் தனித்தனியாக விழும். மரம் வெட்டினாலும் தாது எடுத்தாலும் உங்கள் பங்கை இன்னொருவர் பறிக்க முடியாது. ‘அது எனக்கு வரவேண்டியது’ என்ற சண்டைக்கே இடமில்லாத விளையாட்டில் நட்பு சீக்கிரம் வளரும்.

விண்டோஸ் கணினி வேண்டும். டிஸ்கில் 70 ஜிபிக்குக் குறையாமல் காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். டவுன்லோடு முழுதாக முடியும் முன்பே விளையாடத் தொடங்கலாம்.

படி 1: எல்லாரும் ஒரே ஊரில் பிறக்க வேண்டும்

கணக்கு தொடங்கும்போது ஐரோப்பிய சர்வர் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் தனித்தனி உலகங்கள். கனடாவில் இருக்கும் மாமா மகன் வட அமெரிக்கப் பகுதியில் தொடங்கியிருந்தால் உங்களோடு ஒரே களத்தில் நிற்க முடியாது. இதை முதல் நாளே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது இனத் தேர்வு. விளையாட்டில் ஐந்து இனங்கள், ஒவ்வொன்றுக்கும் தொடக்க வரைபடம் வேறு. இலவசக் கணக்கில் 10-ஆம் நிலை வரும்வரை தொடக்கப் பகுதியைவிட்டு வெளியே போக முடியாது. ஒருவர் ஆசுரா, ஒருவர் நார்ன், ஒருவர் சில்வாரி என்று ஆளுக்கொன்று எடுத்தால் முதல் வாரம் முழுக்க யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள். அந்த வாரத்தில்தான் புதியவர்கள் சலித்துப்போய் விடுகிறார்கள். ஆகவே முதல் கதாபாத்திரத்தை எல்லாரும் மனித இனத்தில் உருவாக்குங்கள். எல்லாரும் குவீன்ஸ்டேல் வரைபடத்தில் வந்து இறங்குவீர்கள். விருப்பப்பட்ட இனத்தை இரண்டாவது கதாபாத்திரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரே வரைபடத்தில் இருந்தும் ஒருவரையொருவர் காணவில்லையா? கூட்டம் அதிகமானால் விளையாட்டு அதே வரைபடத்துக்குப் பல நகல்களைத் திறக்கும். முதலில் ஒரே பார்ட்டியில் (ஐந்து பேர் வரையிலான சிறு குழு) சேருங்கள். பிறகு நண்பரின் படத்தை வலது கிளிக் செய்தால் அவர் இருக்கும் நகலுக்குப் போகும் வழி வரும்.

படி 2: கில்டைப் பதிவு செய்தல்

ஜி விசையை அழுத்தினால் கில்டுப் பலகை திறக்கும். புதிய கில்டுக்கு 1 தங்கம் (விளையாட்டுக்குள் சம்பாதிக்கும் பணம்) செலவு. புதியவருக்கு அது சில நாள் உழைப்பு. ஏற்கெனவே விளையாடும், விலைக்கு வாங்கிய கணக்கு உள்ள ஒருவர் தொடங்குவது நல்லது. இலவசக் கணக்கில் சாட்டுக்கும் பொருள் அனுப்புவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு.

பெயருடன் நான்கு எழுத்துக்கு மிகாத ஒரு சுருக்கக் குறியும் கேட்கும். அது ஒவ்வொருவர் தலைக்கு மேலும் தெரியும் என்பதால் யோசித்து வையுங்கள். விளையாட்டுக்குள் தமிழ் எழுத்து வராது. பெயர், குறி, சாட் எல்லாமே ஆங்கில எழுத்தில்தான். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது நமக்குப் பழக்கம்தானே, கிரியோலையும் அப்படித்தான் அடிக்கிறோம்.

அழைப்பு அனுப்பும்போது கதாபாத்திரப் பெயரைவிட, பெயருக்குப் பின் புள்ளியும் நான்கு இலக்கமும் வரும் கணக்குப் பெயரைப் பயன்படுத்துங்கள். கதாபாத்திரப் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் முன்பின் தெரியாதவருக்கு அழைப்பு போய்விடும். சேர்ந்தவர்களிடம் உடனே சொல்லவேண்டியது: ஒருவர் பல கில்டுகளில் இருக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றையே பிரதிநிதித்துவம் செய்ய முடியும். கில்டுப் பலகையில் அந்தப் பொத்தானை அழுத்தாதவர் தலைக்கு மேல் உங்கள் குறி தெரியாது.

தலைவர் பதவியை இரண்டு பேருக்குக் கொடுங்கள். ஒரே தலைவர் இருந்து அவர் தேர்வு, வேலை என்று மூன்று மாதம் வராமல் போனால் ஆளைச் சேர்க்கவும் முடியாது, பதவி கொடுக்கவும் முடியாது. கில்டுப் பெட்டகம் திறந்த பிறகு, பொருள் வைக்க எல்லாருக்கும் அனுமதி கொடுங்கள். எடுக்கும் அனுமதி ஒரு மாதம் கடந்தவர்களுக்கு மட்டும். யார் எதை எடுத்தார் என்ற பதிவு அங்கேயே இருக்கும், சந்தேகம் வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

படி 3: நேரம்

இதைத்தான் பலரும் அவசரத்தில் தாண்டிப் போகிறார்கள்.

எங்கள் பரிந்துரை சனிக்கிழமை இரவு 7 மணி, மொரிஷியஸ் நேரம். அப்போது சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் 8.30. டர்பனில் மாலை 5. கோலாலம்பூரில் இரவு 11. கொஞ்சம் நேரமாகிவிட்டது, ஆனாலும் மறுநாள் ஞாயிறு. பாரீஸில் கோடையில் மாலை 5, குளிர்காலத்தில் 4. உறவுக்காரர்கள் எல்லாரும் விழித்திருக்கும் நேரம் இதைவிட்டால் வேறில்லை. ஐரோப்பியக் கில்டில் சேர்ந்து அவர்கள் இரவு 8 மணிக்குத் தொடங்கும் சண்டைக்குப் போனால், நமக்குக் கோடையில் 10 மணி, குளிர்காலத்தில் 11. காலையில் எழுந்து பஸ் பிடிக்கவேண்டியவரால் அது தாங்காது.

விளையாட்டின் பெரிய பாஸ்கள், அதாவது பலர் சேர்ந்து அடிக்கவேண்டிய ராட்சத எதிரிகள், உலக நேரப்படி, ஆண்டு முழுவதும் மாறாமல் வரும். மொரிஷியஸில் 2008-09 கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அதனால் நமக்கு அட்டவணை எப்போதும் ஒன்றுதான்:

7.15: காலிடன் ஃபாரஸ்டில் காட்டுப் புழு
7.45: குவீன்ஸ்டேலில் ஷேடோ பெஹமத்
8.00: ஸ்பார்க்ஃப்ளை ஃபென்னில் டெக்வாட்டல்
8.15: வேஃபேரர் ஃபுட்ஹில்ஸில் ஸ்வானிர் தலைவன்
8.45: மெட்ரிகா ப்ராவின்ஸில் நெருப்பு பூதம்

முதல் மாதம் இதில் ஒன்றே ஒன்று போதும்: ஷேடோ பெஹமத். புதியவர்கள் ஏற்கெனவே குவீன்ஸ்டேலில்தான் இருக்கிறார்கள். டெக்வாட்டல் இருக்கும் வரைபடம் 55-ஆம் நிலைக்கு மேல், அதற்குள் அவர்களை இழுத்தால் வழியிலேயே செத்துச் செத்து விழுவார்கள். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் நிகழ்ச்சியாகப் பதிந்துவிட்டால் அவரவர் ஊர் நேரத்தில் அதுவே காட்டும். டிஸ்கார்டில் தமிழ் எழுத்தும் நன்றாக வரும், எனவே அறிவிப்புகளை அங்கே தமிழிலேயே எழுதுங்கள்.

படி 4: முதல் கூட்டம்

7 மணிக்கு குவீன்ஸ்டேலில் ஒரு வேபாயின்டை (நொடியில் தாவிச் செல்ல உதவும் இடக்குறி) குறிப்பிட்டுக் கூடுங்கள். வரைபடத்தில் அதை ஷிஃப்ட் அழுத்திக் கிளிக் செய்தால் இணைப்பு சாட்டுக்குள் வரும். ஆனால் ஒருவர் நடந்துபோய்த் திறந்த வேபாயின்டுக்கு மட்டுமே அவரால் தாவ முடியும். பழையவர்கள் நொடியில் வந்துவிடுவார்கள், புதியவர் பாதி வழியில் நிற்பார். இதைக் குறையாக நினைக்காதீர்கள். ஒரு பழையவர் திரும்பிப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்து வரட்டும். அந்தப் பத்து நிமிட வழித்துணையில்தான் ‘எந்த ஊர்? ரோஸ் ஹில்லா, காத்ர் போர்னா? யார் வீட்டுப் பிள்ளை?’ என்ற பேச்சு தொடங்கும். பாஸ் சண்டையில் அதற்கு நேரம் கிடைக்காது.

ஐந்து பேருக்குள் என்றால் பார்ட்டி போதும். அதற்கு மேல் ஸ்க்வாட் என்ற பெரிய குழு வேண்டும்: கமாண்டர் குறி (குழுத் தலைவர் தலைக்கு மேல் தெரியும் அடையாளம்) இல்லாமல் 10 பேர், குறி இருந்தால் 50 பேர் வரை. குறி விலை 300 தங்கம், தொடக்கத்தில் தேவையே இல்லை.

7.35-க்கெல்லாம் பெஹமத் தோன்றும் சதுப்பு நிலத்துக்குப் போய்விடுங்கள். பெஹமத் வருமுன் திறக்கும் வாசல்களை உடைக்க வேண்டும். ஒரே வாசலில் எல்லாரும் குவியாமல் இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். பழையவர் ஒருவர், புதியவர் ஒருவர் என்ற ஜோடி. விழுந்தவர் அருகில் போய் எஃப் விசையை அழுத்தினால் எழுப்பலாம். புதியவர்கள் இதை யாரும் சொல்லாவிட்டால் தெரிந்துகொள்வதில்லை. முதல் கூட்டத்திலேயே சொல்லிக்கொடுங்கள்.

இங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கடலடிக் கேபிள் வழியாகச் செய்தி போய்வர நேரம் பிடிக்கும், அந்த நேரத்தைத்தான் பிங் என்பார்கள். 200 மில்லிசெகண்டை ஒட்டிய பிங் நமக்கு வழக்கம்தான். தரையில் சிவப்பு வட்டம் தெரிந்த கணமே உருண்டு விலகுங்கள். எதிரி கையை ஓங்கட்டும் என்று காத்திருந்தால் அடி விழுந்திருக்கும். வைஃபையைவிடக் கேபிள் மேல். பிங் அளவைக் குறைக்காது என்றாலும் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும், அதுதான் அதிகத் தொல்லை.

படி 5: குரல்

நம் பிள்ளைகளில் பலர் பள்ளியில் தமிழ் படித்திருக்கிறார்கள், ஆனால் வீட்டில் கிரியோல். தமிழில் பேசு என்று சட்டம் போட்டால் அவர்கள் வாயைத் திறக்கவேமாட்டார்கள். பேச்சு எந்த மொழியிலும் இருக்கட்டும். சண்டையில் கொடுக்கும் குரல் மட்டும் தமிழில் இருக்கட்டும், ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம்: வாங்க, நில்லுங்க, விலகு, எழுப்பு, இடம், வலம், பின்னால வா. டெக்வாட்டலுக்குப் போகும் நாளில் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். வாலை அடித்து அலை கிளப்பும்போது ‘அலை, குதி!’ அதன் உயிர் 75, 50, 25 சதவீதத்துக்கு இறங்கும்போதெல்லாம் மூன்று பேட்டரிகளைக் காக்க ஓட வேண்டும், அப்போது ‘பேட்டரி!’ அந்தச் சண்டைக்கு 15 நிமிடம்தான் கெடு, நீளமான வாக்கியத்துக்கு நேரமில்லை. குரல் கொடுப்பவரை வாரம் ஒருவராக மாற்றுங்கள். வெட்கப்பட்டு மௌனமாக இருந்த பிள்ளை ‘அலை!’ என்று கத்தி பத்துப் பேர் ஒன்றாகக் குதித்துவிட்டால், அடுத்த வாரம் அவரே முதலில் வந்து நிற்பார்.

மைக்கை, விசையை அழுத்தினால் மட்டும் பேசும் முறையில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு வீட்டுத் தொலைக்காட்சி எல்லார் காதிலும் ஓடினால் யாரும் தங்கமாட்டார்கள்.

படி 6: சண்டை இல்லாத அரைமணி

பாஸ் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். கண்ணாமூச்சி நல்ல தொடக்கம். டிவினிட்டீஸ் ரீச் நகரத்துக்குள் ஒருவர் ஒளிய, மற்றவர்கள் 10 நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்க்வாடில் இருப்பவரை வரைபடம் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். அதனால் ஒளிபவர் நகரத்தின் அதே நகலுக்குள் வந்துசேர்ந்த பிறகு ஸ்க்வாடைவிட்டு விலகி, கில்டுப் பிரதிநிதித்துவத்தையும் நிறுத்திவிட வேண்டும். குறிப்புகளை டிஸ்கார்ட் குரலில் சொல்லட்டும், விடுகதை போட்டால் இன்னும் நல்லது.

தாவி ஏறும் புதிர்களும் இருக்கின்றன. ஆனால் அவசரக்காரர் மேலே போய் நின்றுகொண்டு கீழே இருப்பவரை விரட்டினால் அது பிரிவினைக்கு வழி. மெதுவாக வருபவரை முன்னால் விடுங்கள். ஆடை அலங்காரப் போட்டி வைப்பதானால் ‘விலைக்கு வாங்கிய உடை கூடாது’ என்று விதி போடுங்கள், இல்லையேல் காசு உள்ளவர்தான் ஜெயிப்பார்.

நம் நாட்காட்டி

தைப்பூசக் காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதத்தில் பலர் வரமாட்டார்கள். அந்த வாரக் கூட்டத்தை ஒரு மாதம் முன்பே ஒத்திவையுங்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் வெளிநாட்டில் காத்திருப்பவருக்கு அலுத்துப்போகும். நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை புயல் காலம். மூன்றாம் எண் எச்சரிக்கை வந்தால் யாரையும் கேட்காமலே கூட்டம் ரத்து என்று முன்கூட்டியே விதியாக எழுதிவையுங்கள். மின்சாரம் போனவரை ‘ஏன் வரவில்லை’ என்று கேட்கும் நிலையே வரக்கூடாது.

நேரில் சந்திக்க ஆசை வந்தால் பகலில், போர்ட் லூயிஸ் கோடன் போன்ற பொது இடத்தில் சந்தியுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர் பெற்றோரோடு வரட்டும். ஏழு கறி சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிடுவதெல்லாம் பெற்றோரும் பெற்றோரும் பேசிப் பழகிய பிறகு.

சண்டை வந்தால்

வரும். பொதுச் சாட்டில் ஒருவரைத் திருத்தாதீர்கள், தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். வயதில் சின்னவர் தலைவராக இருந்து பெரியவரைத் திருத்த வேண்டியிருந்தால், ‘அண்ணா, ஒரு நிமிஷம் தனியா பேசலாமா’ என்று தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. கடவுச்சொல் கேட்பவர், தங்கம் கடன் கேட்டுக்கொண்டே இருப்பவர் இந்த இருவருக்கு மட்டும் இரண்டாவது வாய்ப்பு கொடுக்காதீர்கள். எல்லாரும் கணக்கில் இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்கியிருக்கிறார்களா என்று மாதம் ஒருமுறை கேளுங்கள்.

இரண்டு வாரம் தொடர்ந்து வராதவருக்கு ஒரு வரி அனுப்புங்கள்: ‘அக்கா, நல்லா இருக்கீங்களா? சனிக்கிழமை ஏழு மணிக்கு அதே இடம்தான்.’ ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம்.