தட்டணு வீங்கினால் இதயம் கெட்டதா? ரத்தப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரத்துக்கு ஆய்வக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நரம்பு தேடவோ பெயர்ச்சீட்டு ஒட்டவோ நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் சறுக்குவதெல்லாம் ரத்தத்தை உறையவைக்கும் அணுக்களான தட்டணுக்களிடம் (பிளேட்லெட்) தான்.

குழாய் எத்தனை மணிக்கு நிரம்பியது என்று கேட்காதது

ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. பரிசோதனையின் அறிக்கையில் எம்.பி.வி. என்றொரு வரி இருக்கும். அது தட்டணுக்களின் சராசரிப் பருமன். பெரும்பாலும் 7 முதல் 12 ஃபெம்டோலிட்டர் வரை இயல்பு. எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வரும் தட்டணு பெரியது, ரத்தத்தை உறையவைக்கும் வேகமும் அதற்கு அதிகம். மாரடைப்பு வந்தவர்களிடம் எம்.பி.வி. கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது கூட்டத்தைப் பார்த்துச் சொன்ன சராசரி. தனி ஒருவரின் நெஞ்சுக்கு அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

தொண்டியிலும் சாயல்குடியிலும் விடியற்காலையில் எடுத்த ரத்தம் ஊதா மூடிக் குழாயில் பஸ் ஏறி, உச்சி வெயிலில் இங்கே வந்து இறங்குகிறது. ரத்தம் உறையாமலிருக்க அந்தக் குழாயில் இருக்கும் இ.டி.டி.ஏ., வட்டத் தகடு போன்ற தட்டணுவை உருண்டையாக்கி வீங்கவைக்கும். வீக்கத்தின் பெரும்பகுதி முதல் இரண்டு மணி நேரத்திலேயே முடிந்துவிடும். மின்தடை முறையில் அளக்கும் கருவி, வீங்கியதைப் பெரியது என்றே அச்சடிக்கும்.

மூக்கையூர்ப் பக்கத்து மீனவர் ஒருவருக்கு இப்படித்தான் எம்.பி.வி. தடித்த எழுத்தில் வந்தது. யாரும் கேட்காமலே எங்கள் ஆய்வகப் பையன், "இதயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவருடைய மகனிடம் சொல்லிவைத்தான். வீடே கலங்கியது. படகு கரையில் கிடக்க, கடன் வாங்கி மதுரைக்குக் கார் பிடித்தார்கள். அங்கே ரத்தம் எடுத்த கையோடு கருவியில் ஓட்டியதில் எம்.பி.வி. இயல்பு, எக்கோவும் இயல்பு. திரும்பி வந்தவர் கவுண்டரில் நின்று கேட்டார்: "ஏன் தம்பி, மதுரைக்குப் போனதும் என் ரத்தம் இளைத்துவிட்டதா?"

குழாயை எடுத்துப் பார்த்தேன். பெயர், வயது, ஊர் எல்லாம் இருந்தன. எடுத்த நேரம் மட்டும் இல்லை. இன்றும் நேரமில்லாத குழாயைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

நேரத்தைக் குழாயின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். தாமதமான மாதிரி என்றால் அறிக்கையில் அதைக் குறிப்பிடுங்கள். பழைய அளவோடு ஒப்பிடுவதானால் கருவியும் காத்திருந்த நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் அனுப்பலாமே என்பார்கள். மீனுக்கு ஐஸ் போடும் ஊரில் யாருக்கும் தோன்றும் யோசனைதான். ஆனால் குளிரிலும் தட்டணு உருண்டையாகும்.

குறைந்த எண்ணிக்கையை அப்படியே நம்புவது

தட்டணு எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சத்துக்குக் கீழே போனதும் டெங்கு என்று கை நடுங்க வேண்டாம். முதலில் ஸ்மியர் போட்டு, அதாவது ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, நுண்ணோக்கியில் பாருங்கள். சிலருடைய தட்டணுக்கள் இ.டி.டி.ஏ.வில் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும், கருவி அவற்றை எண்ணாமல் விட்டுவிடும். கொத்து தெரிந்தால் சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, அதிலுள்ள திரவம் ரத்தத்தை நீர்க்கவைப்பதால் வந்த எண்ணை 1.1 ஆல் பெருக்குங்கள். இதய நோயாளி ஒருவர் இந்தப் பொய்க் குறைவைப் பார்த்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினை நிறுத்திவிட்டால் அதுதான் உண்மையான ஆபத்து.

எண்ணிக்கை கூடினால் ரத்தக்குழாய் அடைப்பு என்பது

இரும்புச்சத்து குறைந்தாலும் கூடும்.

நெஞ்சுவலியோடு வந்தவரை சி.பி.சி.க்கு உட்காரவைப்பது

வேண்டவே வேண்டாம். 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி., பிறகு இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் பரிசோதனை. தட்டணு காத்திருக்கட்டும்.