ஒன்றில் பொசிட்டிவ், மற்றதில் நெகட்டிவ்

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடம் எனக்கு ஹேர்பிஸ் (பாலுறவாலும் பரவும், கொப்புளம் போடும் வைரஸ் தொற்று) என்றது, இன்னொன்று இல்லை என்றது. நித்திரை வருமா?

இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விசயம் பிடிபட்டது. முதலாவது ஐஜிஎம், மற்றது ஐஜிஜி. இரண்டுமே வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் தேடும் பரிசோதனைகள். ஐஜிஎம்மை நம்பி முடிவெடுக்க முடியாது. ஹேர்பிஸ் வைரஸை வகை 1, வகை 2 என்று அது சரியாகப் பிரிக்காது. பழைய தொற்று மறுபடி கிளம்பினாலும் பொசிட்டிவ் காட்டலாம். அதை ஏன் இன்னும் செய்கிறார்களோ!

ஐஜிஜியிலும் கவனம் வேண்டும். தொற்றிய பிறகு எதிர்ப்பொருள் உருவாக ஏறத்தாழ 12 வாரம் ஆகலாம். அதற்கு முன் வரும் நெகட்டிவ் உறுதியில்லை. வகை 2க்கான அளவு 1.1ஐத் தாண்டினாலே பொசிட்டிவ் என்று அச்சடித்துத் தருவார்கள். ஆனால் 3க்குக் கீழே என்றால் அது பொய்யாகவும் இருக்கலாம், வேறு முறையில் உறுதிசெய்ய வேண்டும். வகை 1 மட்டும் பொசிட்டிவ் என்றால், சின்ன வயதில் பிடித்த உதட்டுக் கொப்புள வைரஸாகவும் இருக்கலாம்.

அப்புறம் அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். காசு இல்லை, விவரம் வெளியே போகாது. 12 வாரம் கழிய, வகை பிரிக்கும் ஐஜிஜி மட்டும் செய்யச் சொன்னார் டொக்டர். இரண்டு வகையும் நெகட்டிவ். கொப்புளம் ஏதும் வந்தால் அது காய முன்பே வரச் சொன்னார். புண்ணிலிருந்து மாதிரி எடுத்து வைரஸையே நேரடியாகத் தேடும் பிசிஆர் பரிசோதனைதான் அப்போது சரியாம்.