வில்லால் கெண்டை பிடிக்கத் தொடங்குவோருக்கு: மீனுக்குக் கீழே குறி வையுங்கள்

கடலூர்ப் பகுதியில் சொந்தமாகப் பண்ணைக்குட்டை வைத்திருப்போர், அடியில் இரை தேடிக் கரை மண்ணைத் தோண்டித் தண்ணீரைக் கலக்கும் சாதாக் கெண்டையை வில்லால் பிடிக்க விரும்பினால், முதலில் பழக வேண்டியது குறிபார்ப்பதே ஆகும். நீரில் ஒளி விலகுவதால், நேர் மேலிருந்து பார்த்தால்கூட மீன் தன் உண்மையான ஆழத்தில் முக்கால் பங்கில் இருப்பதாகவே தெரியும். கரையில் நின்று சாய்வாகப் பார்க்கும்போது இன்னும் மேலே தெரியும். பெண்ணையாற்றில் ஊன்றிய கழி முறிந்ததுபோலத் தோன்றுவதும் இதனால்தான். எனவே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் எய்தால் அம்பு மீனின் முதுகுக்கு மேலே சென்றுவிடும். 10 அடி தொலைவில் 1 அடி ஆழத்தில் உள்ள மீனுக்கு 4 அங்குலம் கீழே குறி வைப்பது தொடக்கத்திற்கு ஏற்ற கணக்கு. தொலைவோ ஆழமோ இரட்டித்தால் அந்த 4 அங்குலத்தையும் இரட்டிக்க வேண்டும். மண் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலைத் தெளிந்த நீரில் மூழ்கவிட்டு, அதை எய்து ஒரு வாரம் பழகினால் கை தானாகவே தாழும்.

அம்பு இறகில்லாததாகவும் கனமானதாகவும், முனையில் எதிர்முள் உள்ளதாகவும் இருக்கட்டும். மீனை இழுப்பதற்காக அம்போடு இணைக்கும் நூலை அம்பின் வாலில் முடிச்சிடாமல், தண்டில் வழுக்கி நகரும் வளையத்தில் கட்டி, அந்த வளையம் நாணுக்கு முன்னால் இருப்பதை ஒவ்வொரு முறையும் பார்த்த பின்னரே எய்ய வேண்டும். நூல் நாணில் சிக்கினால் அம்பு எய்தவர் மீதே திரும்பிப் பாயக்கூடும். இதில் எவருக்கும் விலக்கில்லை.

அம்பு பட்ட மீனை மீண்டும் நீரில் விட இயலாது என்பதால், சமைக்கும் அளவுக்கு மட்டும் எய்யுங்கள். பொது ஏரிகளின் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுவதுண்டு. அங்கே அனுமதியின்றி வில்லை எடுக்க வேண்டாம்.