நடுநிலைப் பள்ளியில் கல்வியாண்டின் கடைசி ஆறு வாரங்கள்: பெற்றோருக்கான வழிகாட்டி

ஆண்டு இறுதி நெருங்கியவுடன் பெரும்பாலான வீடுகளில் பேச்செல்லாம் தேர்வைச் சுற்றியே அமைந்துவிடுகிறது. ஆனால் ஏறத்தாழ 11 முதல் 14 வயது வரையுள்ள மாணவர்கள் படிக்கும் நடுநிலை வகுப்புகளில் மதிப்பெண்ணைக் கீழே இழுப்பது பெரும்பாலும் தேர்வுத்தாள் இல்லை. ஒப்படைக்காமல் விட்ட வேலைகள்தாம். தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர் நாள்தோறும் நினைவூட்டி வேலை வாங்கிவிடுவார். நடுநிலைப் பள்ளியிலோ பாடத்துக்கு ஒருவராக ஆறேழு ஆசிரியர்கள் இருப்பார்கள்; ஒவ்வொருவரும் தனித்தனிக் கெடு வைப்பார்கள்; மற்றவர் என்ன கொடுத்திருக்கிறார் என்பது இவருக்குத் தெரியாது. அத்தனையையும் நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பு, அதற்கு இன்னும் பழகாத ஒரு பிள்ளையின் தலையில் விழுகிறது. ஆகவே கடைசி ஆறு வாரங்களில் முதலில் பாக்கி வேலைகளை முடித்துவிட்டு, அதன் பின்னரே திருப்புதலைத் தொடங்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் இரண்டும் அரைகுறையாகவே நிற்கும்.

பாக்கி வேலைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பதைச் சிறு கணக்கு ஒன்றே காட்டிவிடும். ஒரு பாடத்தில் சம மதிப்புடைய ஐந்து ஒப்படைப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கில் தலா 80 மதிப்பெண் பெற்ற மாணவர் ஐந்தாவதைக் கொடுக்காமல் விட்டு, அதற்குச் சுழியம் பதிவானால், சராசரி 64 ஆகிவிடும். அதே ஐந்தாவதைச் சுமாராகச் செய்து 50 வாங்கியிருந்தால்கூடச் சராசரி 74 ஆக இருந்திருக்கும். நன்றாகச் செய்ய நேரமில்லை என்று சொல்லி ஒன்றுமே கொடுக்காமல் விடும் பிள்ளைகள், அதிலும் எதையும் திருத்தமாகச் செய்யும் பழக்கமுள்ள பிள்ளைகள், இந்த 10 மதிப்பெண்ணைத் தாங்களாகவே இழக்கிறார்கள். இந்தக் கணக்கை நீங்கள் விளக்குவதைவிட, அவர்களையே தாளில் போட்டுப் பார்க்கச் சொல்வது நல்லது.

ஒரு விடுமுறை நாளில் அரை மணி நேரம் ஒதுக்கிப் புத்தகப் பையைத் தரையில் கவிழ்க்கச் செய்யுங்கள். பையின் அடியில் நான்காக மடிந்து கசங்கிய பயிற்சித்தாள், பாதிப் பாகங்களுக்கு மட்டும் பெயர் எழுதப்பட்ட பூவின் குறுக்குவெட்டுப் படம், பெற்றோர் கையொப்பத்துக்காகக் கொடுத்தனுப்பிய கடிதம் என்று பலவும் வெளியே வரும். அந்த நேரத்தில் கோபப்படுவதில் பயனில்லை. கோபப்பட்டால் அடுத்த முறை பை உங்கள் முன்னால் திறக்கப்படாது. கிடைத்த தாள்களைப் பாடவாரியாகப் பிரித்து, ஒரே தாளில் நான்கு நெடுவரிசைகள் போட்டு, என்ன வேலை, எந்த ஆசிரியர், கடைசித் தேதி என்ன, தாமதமானால் ஏற்பார்களா என்பவற்றைப் பிள்ளையே தன் கையால் எழுத வேண்டும். பள்ளி இணையத்தில் மதிப்பெண்களை வெளியிட்டால் அதையும் உடன் வைத்துச் சரிபாருங்கள். கொடுத்த வேலை பதிவாகாமல் விடுபட்டிருப்பதும் உண்டு. அத்தகைய பிழையை ஆண்டு முடிந்த பிறகு திருத்தச் சொல்லி அலைவதைவிட இப்போதே கேட்டுவிடுவது எளிது.

அந்தத் தாளின் நான்காவது நெடுவரிசைதான் பலருக்கு வெற்றிடமாக நிற்கும். தாமதமான வேலையை ஏற்பார்களா என்பது ஆசிரியரைக் கேட்டால்தான் தெரியும். கேட்பதற்குப் பிள்ளை தயங்கும். அந்தத் தயக்கத்தைப் போக்க நீங்கள் முந்திக்கொண்டு பேச வேண்டாம். உடல்நலக்குறைவு, குடும்பத்தில் இழப்பு, சக மாணவர்களின் தொல்லை போன்ற காரணங்கள் இருந்தால் பெற்றோர் பேசுவதே முறை. மற்றபடி இந்த வயதில் மாணவர் தாமே கேட்பதுதான் பொருத்தம். என்ன சொல்வதென்று தெரியாமல் விழிக்கும் பிள்ளைக்கு, இப்படி ஒரு சிறு குறிப்பு எழுத உதவலாம்: "வணக்கம் அம்மா. சென்ற மாதம் கொடுக்க வேண்டிய வரைபடப் பயிற்சியை நான் இன்னும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்வீர்களா? மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை." எந்த வேலை, எப்போது தரப்படும் என்ற இரண்டு செய்திகளும் அதில் இருக்கின்றன. சாக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்; ஆசிரியர்கள் சாக்குகளை ஏராளமாகக் கேட்டுப் பழகியவர்கள், தேதி சொல்லும் மாணவரை அவர்கள் அரிதாகவே சந்திக்கிறார்கள்.

பட்டியல் நீளமாக இருந்தால் எல்லாவற்றையும் முடித்தே தீர வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். இன்னும் ஏற்கப்படுபவை, அதிக மதிப்பெண் உடையவை, அடுத்த பாடத்துக்கு அடிப்படையாக அமைபவை ஆகியவற்றை முதலில் முடிக்கட்டும். கெடு முடிந்து ஏற்கப்படாது என்று தெளிவாகிவிட்டவற்றை அடித்துவிடலாம். முதல் இரண்டு வாரங்கள் இதற்கே போனால் போகட்டும்.

திருப்புதலைப் பொறுத்தவரை, பிள்ளைகள் இயல்பாகக் கைக்கொள்ளும் முறையும் பயன் தரும் முறையும் ஒன்றாக இருப்பதில்லை. நோட்டைத் திறந்து வைத்து மீண்டும் மீண்டும் வாசிப்பதும் வண்ண மையால் கோடிடுவதும் படித்துவிட்ட உணர்வைத் தரும். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி ஆகிய உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் உரைப்பகுதியை மறுபடி வாசித்த கல்லூரி மாணவர்கள் ஐந்து நிமிடங்களுக்குப் பிறகு வைத்த சோதனையில் முன்னணியில் இருந்தார்கள்; ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, மறுவாசிப்புக்குப் பதிலாக நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே தெளிவாக முந்தியிருந்தார்கள். முந்தைய இரவு படித்தது அப்போதைக்குத் தலையில் நிற்பதும், தேர்வு அறையில் மறந்துபோவதும் இதனால்தான்.

வீட்டில் இதைச் செயல்படுத்துவது கடினமில்லை. ஒரு பாடத்தைப் படித்தபின் நோட்டை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். பிறகு நோட்டைத் திறந்து, விடுபட்டதை வேறு நிற மையால் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வேறு நிற வரிகள்தாம் அடுத்த முறை படிக்க வேண்டியவை. "படித்துவிட்டாயா?" என்ற கேள்விக்கு எந்தப் பிள்ளையும் ஆம் என்றுதான் சொல்லும், "பார்க்காமல் எதை எழுத முடிகிறது, காட்டு" என்று கேட்டால் உண்மை நிலை இருவருக்குமே விளங்கிவிடும். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அதே பாடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் படிப்பதைவிட, மூன்று நாள்களில் ஒவ்வொரு மணி நேரமாகப் படிப்பது அதிக நாள் நினைவில் நிற்கும்.

கணிதத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலான கவனம் தேவை. இந்த வகுப்புகளில்தான் குறை எண்களும் இயற்கணிதமும் நுழைகின்றன. இங்கே தங்கிவிட்ட ஓட்டை மேல்வகுப்பு முழுவதும் ஒழுகும். பழைய தேர்வுத்தாள்களை எடுத்து, தவறிய கணக்குகளை விடை பார்க்காமல் மறுபடி போடச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக, 8 − (3 − 5) என்ற கணக்குக்குப் பிள்ளை 0 என்று விடை எழுதியிருந்தால், அது கவனக்குறைவு என்று கடந்துவிடக் கூடாது. அடைப்பை நீக்கும்போது முதல் எண்ணின் குறியை மட்டும் மாற்றி, இரண்டாவதை அப்படியே விட்டிருக்கிறார்கள்: 8 − 3 − 5. சரியான படி 8 − 3 + 5, விடை 10. இதே பிழை நான்கைந்து தாள்களில் வெவ்வேறு வேடத்தில் தலைகாட்டினால், நூறு கணக்குகள் போடுவதற்குப் பதிலாக இந்த ஒரு விதியை மட்டும் ஆசிரியரிடம் மறுபடி கேட்டுத் தெளிந்தால் போதும். பயிற்சி செய்யும்போது ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து போடாமல், பல பாடங்களின் கணக்குகளைக் கலந்து போடுவது நல்லது. தேர்வில் எந்த முறையைப் பயன்படுத்த வேண்டும் என்பதைத் தாளில் யாரும் எழுதித் தருவதில்லை அல்லவா?

மொழிப் பாடங்களில் கட்டுரையை மனப்பாடம் செய்வதை விட்டு, குறித்த நேரத்துக்குள் ஒன்றிரண்டு எழுதிப் பார்க்கச் செய்யுங்கள். அறிவியலில் படங்களைப் பார்க்காமல் வரைந்து பாகங்களைக் குறிக்கச் செய்யுங்கள். வரலாற்றுக்கு ஆண்டுகளைவிட, எது எதனால் நிகழ்ந்தது என்று வாய்விட்டுச் சொல்ல வைப்பது பயன் தரும். கேட்பதற்கு நீங்கள் இருந்தால் போதும்.

கால அட்டவணையைத் தேர்வு நாளிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். வாரத்தில் ஒரு நாளை எந்த வேலையும் இல்லாமல் விட்டுவையுங்கள்; தவறிய வேலைகள் அந்த நாளில் போய் அமரும். இடமே இல்லாத அட்டவணை முதல் காய்ச்சலிலேயே குலைந்துவிடும்.

தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது இந்த வயதில் நட்டக் கணக்கு. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி 6 முதல் 12 வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. பருவ வயதில் உடலின் உள்கடிகாரமே பின்தள்ளிப்போவதால், இரவில் தூக்கம் தாமதமாக வருவதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ எண்ண வேண்டியதில்லை. ஆயினும் கைப்பேசி படுக்கையறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்ற விதியைத் தேர்வுக் காலத்துக்காவது எல்லோரும், பெற்றோர் உட்பட, கடைப்பிடிக்கலாம். கடைசி வாரங்களில் தோழமைச் சண்டைகளும் வகுப்புக் குழுவில் நள்ளிரவு வரை நீளும் வாக்குவாதங்களும் கூடிவிடுவதுண்டு. பிள்ளை திடீரெனப் பள்ளிக்குப் போக மறுத்தால், தேர்வுப் பயத்துக்கு முன்னால் இந்தக் காரணத்தை விசாரியுங்கள்.

ஒரு பாடத்தில் தேர்ச்சி பெறுவதே ஐயம் என்று தோன்றினால், மதிப்பெண் அறிக்கை வரும்வரை காத்திருக்கக் கூடாது. வகுப்பாசிரியரை இப்போதே சந்தித்து, தேர்ச்சிக்கு எவ்வளவு தேவை, மறுதேர்வு உண்டா, விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடக்குமா என்பவற்றை நேரடியாகக் கேளுங்கள். சந்திப்பில் பிள்ளையும் உடன் இருக்கட்டும். தன்னைப் பற்றிய முடிவு கதவுக்குப் பின்னால் எடுக்கப்படுவதாக எண்ணும் பிள்ளை, அந்த முடிவுக்காக உழைப்பதில்லை.

தேர்வு முடிந்தாலும் சில வேலைகள் மீதமிருக்கும். நூலகப் புத்தகங்கள், ஆய்வுக்கூடப் பொருள்கள், விளையாட்டுச் சீருடை, பூட்டு, சாவி ஆகியவற்றைத் திருப்பித் தந்து ரசீது பெற வேண்டும். நோட்டுகளை மொத்தமாகக் கழித்துவிட வேண்டாம். கணித நோட்டும் மொழி இலக்கண நோட்டும் அடுத்த ஆண்டின் முதல் மாதங்களில் உறுதியாகத் தேவைப்படும். நீண்ட விடுமுறைக்குப் பின் கணக்கிடும் திறனும் எழுத்துக்கூட்டலும்தான் அதிகம் பின்னடைகின்றன என்று ஹாரிஸ் கூப்பரும் உடனாய்வாளர்களும் 1996-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கூறினார்கள். இழப்பின் அளவு பற்றிப் பின்வந்தவர்கள் வாதிட்டாலும், வாரத்தில் மூன்று நாள் இருபது நிமிடம் கணக்குப் போடுவதும், விருப்பமான எதையேனும் வாசிப்பதும் பிள்ளையின் விடுமுறையைக் கெடுத்துவிடாது. மற்ற நேரத்தை அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

மதிப்பெண் அறிக்கை கைக்கு வந்ததும் மொத்தத்தைப் பார்க்குமுன் ஆசிரியர்களின் குறிப்புகளை வாசியுங்கள். "கேள்வி கேட்பதில்லை", "வேலையைத் தாமதமாகத் தருகிறார்" என்ற வரிகள் இரண்டு மூன்று பாடங்களில் ஒத்துவந்தால், அதை ஒரு தாளில் குறித்துக் கணித நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். புதிய வகுப்பாசிரியரை முதல் முறை சந்திக்கும்போது அந்தத் தாளை உடன் கொண்டுசெல்லலாம்.